எலைசாவுக்கு சீரம் அனுப்பும்போது

வெளி லேப்பில் எலைசா (ஒரு பொருளின் அளவை ஆன்டிபாடி கொண்டு அளக்கும் சோதனை) செய்து வாங்கும்போது, ரிசல்ட்டைக் கெடுக்கும் பிழைகளில் பெரும்பாலானவை சாம்பிள் நம் கையில் இருக்கும்போதே நடந்துவிடுகின்றன. ஐஎல்-6 (அழற்சிப் புரதம்), கார்டிசால் (மன அழுத்த ஹார்மோன்), விஈஜிஎஃப் (ரத்தக் குழாய் வளரத் தூண்டும் புரதம்) பார்க்கச் சாம்பிள் அனுப்பிப் பழகியதில் நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இது.

விலை கேட்பதற்கு முன் சீரமா (ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்), பிளாஸ்மாவா (உறையாமல் தடுத்த ரத்தத்தின் திரவம்) என்று முடிவு செய்யுங்கள். ரத்தம் உறையும்போது பிளேட்லெட்டுகள் விஈஜிஎஃப்பை வெளிவிடும். அதனால் சீரத்தில் அளவு கூடித் தெரியும். சிலருக்குச் சீரம், சிலருக்கு ஈடிடிஏ (உறைதலைத் தடுக்கும் ரசாயனம்) பிளாஸ்மா என்று எடுத்துவிட்டால் ஒப்பிடவே முடியாது. கார்டிசால் காலையில் உச்சத்தில் இருக்கும், பிறகு இறங்கும். எல்லோருக்கும் 8–9 மணிக்குள் எடுத்துவிடுங்கள்.

சீரத்துக்கு, ரத்தத்தை அறை வெப்பநிலையில் 30 நிமிடம் அசையாமல் வையுங்கள். அவசரப்பட்டால் ஃபைப்ரின் (ரத்தக்கட்டியின் புரதம்) இழைகள் மிஞ்சி பிப்பெட் முனையை அடைக்கும், எடுக்கும் அளவு குறையும். பிறகு சென்ட்ரிஃப்யூஜில் 1,500 ஜி-யில் (புவியீர்ப்பின் 1,500 மடங்கு விசை) 10 நிமிடம் சுழற்றலாம். நோட்டில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) மட்டும் எழுதினால் போதாது, ரோட்டர் (குழாய்களைத் தாங்கிச் சுழலும் பகுதி) மாறினால் விசையும் மாறும். சீரம் இளஞ்சிவப்பாக வந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது. மிக மெல்லிய ஊசி, சிரிஞ்சை வேகமாக இழுப்பது, குழாயைக் குலுக்குவது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். அந்தச் சாம்பிளில் எல்டிஹெச் (சிவப்பணுவுக்குள்ளும் நிறைய இருக்கும் என்சைம்) பார்ப்பது வீண்.

எலைசா பிளேட்டின் ஒரு குழிக்கு வழக்கமாக 100 மைக்ரோலிட்டர், டூப்ளிகேட்டுக்கு (ஒரே சாம்பிளை இரண்டு குழிகளில் ஓட்ட) 200. மார்க்கருக்கு (அளக்கும் பொருளுக்கு) ஒரு குழாய் என 250 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். ஒன்றையே திரும்பத் திரும்ப உருக்க வேண்டியிருக்காது. சாதாரணக் காகித லேபிள் அந்தக் குளிரில் உரிந்து விழும், கிரையோ லேபிள்தான் நிற்கும்.

பிளேட்டில் 96 குழிகள். எட்டு ஸ்டாண்டர்டு (ஒப்பிட வைக்கும், அளவு தெரிந்த கரைசல்) டூப்ளிகேட்டில் 16, இரண்டு கன்ட்ரோலுக்கு (சோதனை சரியாக ஓடியதா என்று பார்க்கும் சாம்பிள்) 4. மிச்சம் 76, அதாவது 38 சாம்பிள். இரண்டு பிளேட்டில் 76 பேர்தான் அடங்குவார்கள். 80 பேரைச் சேர்த்தால் கடைசி நான்கு பேருக்காக மூன்றாவது பிளேட் வாங்க வேண்டிவரும். திட்டமிடும்போதே 76 பேரில் நிறுத்துவது நல்லது. நோயாளிகளை ஒரு பிளேட்டிலும் மற்றவர்களை இன்னொன்றிலும் வைக்கச் சொல்லவே கூடாது, கலந்துதான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளேட்டுக்குப் பிளேட் வரும் வேறுபாடு நோயின் விளைவு போலத் தெரியும்.

ஆரோக்கியமானவர்களுக்கு ஐஎல்-6 மில்லிலிட்டருக்குச் சில பிகோகிராம்தான். கிட் அளக்கும் கீழ் எல்லை அதற்கு மேல் இருந்தால் பலருக்கு எண்ணே வராது. அதிக உணர்திறன் கிட்டைக் கேளுங்கள். முடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்பதையும் விசாரியுங்கள். ஸ்ட்ரெப்டாவிடின்–பயோட்டின் பிணைப்பில் இயங்கும் சில கிட்டுகளில் அது சாண்ட்விச் முறை (பொருளை இரண்டு ஆன்டிபாடிகளுக்கு நடுவே பிடிப்பது) அளவைக் குறைத்தும், போட்டி முறை (சாம்பிளில் உள்ள பொருளும் குறியிட்ட பொருளும் ஆன்டிபாடிக்குப் போட்டியிடுவது) அளவைக் கூட்டியும் காட்டும்.

தெர்மோகோல் பெட்டியில் ட்ரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வைத்து, திங்கள் அல்லது செவ்வாய் அனுப்புங்கள். வார இறுதியில் மாட்டினால் ஐஸ் தீர்ந்துவிடும். பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைக்கக் கூடாது, வாயு அழுத்தத்தில் வெடிக்கும். குழாய் மூடி தளர்ந்திருந்தால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே போய்ச் சாம்பிளை அமிலமாக்கும்.

ரிசல்ட்டோடு ஒவ்வொரு குழியின் ஓடி மதிப்பையும் (நிறத்தின் அடர்த்தி அளவீடு) ஸ்டாண்டர்டு வளைவையும் (ஓடியை அளவாக மாற்றும் வரைபடம்) கேட்டு வாங்குங்கள். டூப்ளிகேட்டுக்கிடையே சிவி (சராசரியோடு ஒப்பிட்ட சிதறல்) 15 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் அந்தச் சாம்பிளை மறுபடி ஓட்டச் சொல்லலாம். இதை ஆர்டர் கொடுக்கும்போதே எழுத்தில் பேசி வையுங்கள்.