டில்லர் பைலட் வாங்கிய தம்பிகளுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஆயர் தாவார் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் இப்போது பக்கத்துக் கடலோர ஊரான லூமுட்டில் சின்னப் பாய்மரப் படகு ஓட்டுகிறார்கள். பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்! டில்லர் பைலட் பற்றிப் பலர் கேட்டதால் எழுதுகிறேன். டில்லர் என்பது படகின் சுக்கானைத் திருப்பும் கைப்பிடிக் கட்டை. நமக்குப் பதிலாக அதை அசைத்து, படகைத் திசை மாறாமல் ஓட்டுவதுதான் டில்லர் பைலட்.

12 வோல்ட்டில் ஓடும் கருவி அது. உள்ளே திசைகாட்டி, மோட்டார், நீண்டு சுருங்கும் தண்டு. படகு திசை மாறினால் தண்டு டில்லரைத் தள்ளும், இழுக்கும். ஸ்பீக்கர், இரும்புச் சாமான் எதையும் பக்கத்தில் வைக்காதீர்கள், திசைகாட்டி குழம்பிவிடும்.

முதலில் பிளக்கைப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு பிடித்தால் மின்சாரம் சரியாகப் போகாது. ஒயர் மெல்லியதாக இருந்தாலும் அப்படித்தான். தண்டு பலமாகத் தள்ளும்போது வோல்டேஜ் இறங்கி, கருவியே அணைந்து போகலாம். தண்டு வெளியே வரும் இடத்தை அடைக்கும் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கலாம். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள், குழாயைப் பீய்ச்ச வேண்டாம். கரைக்கு வந்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

இதைவிட முக்கியம், பாய். டில்லர் கையை இழுக்கிறதென்றால் பெரிய பாயைச் சுருக்குங்கள். இல்லாவிட்டால் மோட்டார் ஓயாமல் உழைத்து பேட்டரியைத் தின்னும். பின்னாலிருந்து அலை தள்ளும்போது நீங்களே பிடியுங்கள். விடியற்காலை சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று வீசும் புயல்காற்று வந்தாலும் நீங்களே பிடியுங்கள்.

தனியாகப் போகிறவர்கள் பாதுகாப்புக் கயிற்றைக் கட்டாயம் மாட்டுங்கள். நீங்கள் விழுந்தாலும் கருவி ஓட்டுவதால் படகு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

பிளக் மாற்றத் தெரியாதவர்கள் கருவியோடு வீட்டுக்கு வாங்க, சேர்ந்து செய்வோம்.