சதகுப்பைக் கீரை: 15 நாளுக்கு ஒரு பை

சதகுப்பை என்றதும் நாட்டுமருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் விதைதான் பலருக்கு நினைவுக்கு வரும். பிரசவ லேகியத்தில் அது சேரும். கிரைப் வாட்டரின் வாசனையும் அந்த விதையின் எண்ணெயிலிருந்து வருவதுதான். அதே விதையை மண்ணில் போட்டு வரும் கீரையைப் பெங்களூரில் சப்பசிகே சொப்பு என்று கட்டுக்கட்டாக வாங்கி, அக்கி ரொட்டி மாவில் பிசைகிறார்கள், பருப்போடு வேகவைக்கிறார்கள். நம் ஊர்க் காய்கறிக் கடைகளில் இந்தக் கீரை அரிது. மாடியில் செடி வளர்க்கும் பை நான்கு வைக்க இடமிருந்தால் வீட்டுக்கு வேண்டியதை எடுத்துவிடலாம்.

இது புதினா மாதிரி ஒருமுறை நட்டுவிட்டு மாதக்கணக்கில் கிள்ளிக்கொண்டிருக்கும் செடி அல்ல. கொத்தமல்லியின் குடும்பம், ஏறக்குறைய அதே குணம். வெயில் ஏறி, பகல் நீண்டால் இலை விடுவதைக் குறைத்துக்கொண்டு பூத்தண்டு எழுப்பிவிடும். எழும்பிய தண்டை ஒடித்துவிட்டாலும் பழையபடி கீரைச் செடி ஆகாது. அதனால் நான்கு பையிலும் ஒரே நாளில் விதைப்பதுதான் இதில் நடக்கும் பெரிய பிழை. ஒரு பை விதைத்து 15 நாள் கழித்து அடுத்தது என்று போனால், முதல் பை பூக்கும்போது மூன்றாவது பை அறுவடைக்கு வந்திருக்கும்.

அக்டோபர் முதல் ஜனவரி வரை விதைக்கலாம். கோவை போன்ற மேற்குப் பக்கத்து ஊர்களில் புரட்டாசிக் கடைசியிலேயே தொடங்கிவிடலாம். சென்னை, கடலூர் மாதிரி கரையோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை மேலாக இருக்கும் விதைகளை ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். அங்கே பையைக் கூரைக்கு அடியில் வையுங்கள், இல்லையென்றால் கார்த்திகை பாதிக்கு மேல் விதையுங்கள். மாசிக்குப் பிறகு விதைத்தால் செடி ஒரு சாண் உயரத்திலேயே மொட்டு வைக்கும்.

நாட்டுமருந்துக் கடை விதையே முளைக்கும், ஆனால் அது எத்தனை நாள் பழையது என்று தெரியாது. 20 விதையை ஈரத் துணியில் சுருட்டி, துணி காயாமல் 10 நாள் வைத்துப் பாருங்கள். 12-க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. 6, 7 என்றால் இரட்டிப்பாகத் தூவுங்கள். அதற்கும் கீழே என்றால் வேறு கடை பார்ப்பதே நல்லது. விதைக் கடைகளில் வாங்கும் வெளிநாட்டு ரகங்களில் ஃபெர்ன்லீஃப் தொட்டிக்கு ஏற்றது. சுமார் ஒன்றரை அடியில் நிற்கும், பூப்பதும் தாமதம்.

வாங்கும்போது சோம்பு விதையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சோம்பு நீளமாக, பருத்து, பச்சை ஓடியிருக்கும். சதகுப்பை தட்டையாக, பழுப்பாக, ஓரத்தில் வெளிறிய விளிம்போடு இருக்கும். நாற்றுப் பண்ணையில் இலையைப் பார்த்து வாங்குவதென்றால் கசக்கி முகர்ந்து பாருங்கள். இனிப்பு வாடை அடித்தால் அது சோம்பு.

ஆனால் நாற்றாக வாங்கவே வேண்டாம் என்பேன். சதகுப்பைக்கு ஆணிவேர். பிடுங்கி நடும்போது அது முறிந்தால் செடி துவண்டு கிடக்கும். அந்த அதிர்ச்சியிலேயே சீக்கிரம் பூத்துவிடுவதும் உண்டு. வளர வேண்டிய இடத்திலேயே விதைப்பதுதான் சரி.

பை 12 அங்குல அகலம், 12 அங்குல ஆழம். வேருக்காகத்தான் இந்த ஆழம், 6 அங்குலத் தட்டில் செடி நிமிராது. செம்மண் 2 பங்கு, மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ 1 பங்கு, மணல் அல்லது ஊறவைத்துக் கழுவிய தென்னை நார்க்கழிவு 1 பங்கு. அடியில் நான்கு துளையாவது வேண்டும்.

கொத்தமல்லி விதையை உடைத்துப் போடுவோம். இதை உடைக்க வேண்டாம். காய்ந்ததும் காய் தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடுவதால், நம் கையில் இருப்பது ஏற்கெனவே பாதிதான். ஒரு தேக்கரண்டியில் ஆயிரத்துக்கு மேல் விதை இருக்கும் என்பதால் ஒரு சிட்டிகையே ஒரு பைக்குத் தாராளம். உலர்ந்த மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். மேலே அரை சென்டிமீட்டருக்கு மேல் மண் போடாதீர்கள். விதை முளைக்கவில்லை என்பவர்களில் பலர் ஆழமாகப் புதைத்தவர்கள். பூவாளியில் மெல்லிய துளை உள்ள முனையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து, முளை வரும்வரை மேல்மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 7 முதல் 14 நாளில் புல் மாதிரி இரண்டு இலை எட்டிப் பார்க்கும்.

அந்த முதல் இரண்டு வாரம்தான் கவனமான கட்டம். தண்ணீர் அதிகமானால் தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் நூல்போல் மெலிந்து சாய்ந்துவிடும். இதுதான் நாற்றழுகல், சாய்ந்ததைக் காப்பாற்ற வழியில்லை. பழைய மண்ணைத் திரும்பப் பயன்படுத்துவதாக இருந்தால் நன்றாக வெயிலில் காயவிட்டு, டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்த பிறகு விதையுங்கள். முளைத்தபின் மேல்மண் அரை அங்குலம் உலர்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர்.

நான்கு விரல் உயரம் வந்ததும் நெருக்கமாக இருப்பவற்றைக் கலைத்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். கத்தரிக்கோலால் மண்ணோடு ஒட்ட நறுக்குவதே பாதுகாப்பு. நறுக்கியது தோசை மாவில் போடலாம். கிள்ளிப் பறிக்க என்றால் பைக்கு 5 செடி, விதைக்கு என்றால் 2 போதும். பெங்களூர்க் கட்டு மாதிரி வேரோடு பிடுங்கி எடுக்கப்போகிறீர்கள் என்றால் கலைக்கவே தேவையில்லை. நெருக்கமாகவே வளரவிட்டு 35, 40 நாளில் மொத்தமாக எடுத்துவிட்டு அதே பையில் மறுபடி விதைக்கலாம். சின்ன இடத்துக்கு எனக்கு இந்த முறைதான் பிடித்தது. பூத்துவிடுமோ என்ற கவலை இதில் இல்லை.

வெயில் 6 மணி நேரமாவது வேண்டும். நிழலில் செடி நெட்டையாக ஓடி விழுந்துவிடும். தண்டு உள்ளே குழலாக இருப்பதால் மாடிக் காற்றுக்கு எளிதில் மடங்கும். ஒன்றரை அடி தாண்டியதும் ஒரு குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள். உரம் அதிகம் கேட்காது. 20-ஆம் நாள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா ஒருமுறை போதும். தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் இலை பெருக்கும், ஆனால் மணம் குறையும், தண்டு சொதசொதக்கும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் வந்து சேரும்.

அசுவினி பூங்கொத்தின் காம்புகளில் அப்பிக்கொள்ளும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பாருங்கள், பாதிக்கு மேல் போய்விடும். மீதிக்கு லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், மாலையில். அடித்தபின் ஒரு வாரம் கீரை பறிக்க வேண்டாம். பூ விரிந்துவிட்ட செடியில் வேப்பெண்ணெய் அடிக்கவே வேண்டாம். அந்த மஞ்சள் குடைப்பூவுக்கு வரும் தேனீயும் பொறிவண்டும் பக்கத்துக் கத்தரிக்கும் வெண்டைக்கும் வேலை செய்கிறவை. தை, மாசியில் இலைமேல் வெள்ளை மாவு படிந்தால் அது சாம்பல் நோய். நெருக்கமும் காற்றோட்டக் குறைவும் அதற்கு இடம் கொடுக்கும். படிந்த இலைகளை நறுக்கி அகற்றிவிட்டு, 1 பங்கு புளித்த மோரில் 9 பங்கு தண்ணீர் கலந்து தெளியுங்கள்.

செடி ஒரு சாண் உயர்ந்து, ஐந்தாறு இலை வந்ததும் பறிக்கத் தொடங்கலாம். காலையில் பனி உலர்ந்ததும், வெளிப்பக்கத்து முதிர்ந்த இலைகளைக் காம்போடு நறுக்குங்கள். நடுக்குருத்தைத் தொடாதீர்கள், ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பறித்த கீரை அரை மணியில் துவளும். ஈரத் துணியில் சுற்றி டப்பாவில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பொடியாக நறுக்கி, ஐஸ் தட்டில் தண்ணீரோடு உறையவையுங்கள். காயவைத்தால் மணம் பெரும்பகுதி போய்விடும்.

விதைக்கு விட்ட செடி 90 முதல் 110 நாளில் முற்றும். நடுக் குடை முதலில் பழுக்கும், பக்கக் கிளைகள் பிறகு. எல்லாம் ஒன்றாக முற்றட்டும் என்று காத்திருந்தால் முதல் குடை கொட்டிப்போயிருக்கும். விதை இளம்பழுப்பானதும் ஒவ்வொரு குடையாக, பனி ஈரம் இருக்கும் அதிகாலையில் ஒரு சாண் காம்போடு அறுங்கள். ஈரத்தில் விதை உதிராது. தலைகீழாகக் காகிதப் பைக்குள் விட்டு, வாயைக் கட்டி நிழலில் 10 நாள் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை என்றால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பிறகு கையால் உதிர்த்து முறத்தில் புடைத்து, சமையலுக்கும் விதைப்புக்கும் தனித்தனிப் பாட்டிலில் போடுங்கள். விதைப்புப் பாட்டிலின்மேல் மாதமும் வருடமும் எழுதி, வெயில் படாத அலமாரியில் வைத்தால் அடுத்த புரட்டாசிக்கு எடுக்கலாம்.