பர்ஸ்ட் பிழைக்கு எந்தக் கோடு? ஆர்எஃப்எம்69-இல் செய்து பார்த்தது

ஆர்எஃப்எம்69 என்ற ரேடியோ மாட்யூலில் தரவு அனுப்பும்போது பிட்டுகள் கூட்டமாகக் கெடுவதுதான் பர்ஸ்ட் பிழை. அதைத் திருத்தும் கோடைத் (கூடுதல் பிட்டுகள் சேர்த்து அனுப்பும் முறையை) தேர்ந்தெடுக்கும் முன், பிழை எப்படி விழுகிறது என்று பார்த்துவிட வேண்டும். 433 மெகாஹெர்ட்ஸ், நொடிக்கு 9600 பிட். இரு முனைக்கும் தெரிந்த போலி ரேண்டம் வரிசையை அனுப்பி, வந்ததோடு எக்ஸார் செய்தால் (பிட் ஒத்தால் 0, மாறினால் 1) 1 நிற்கும் இடமெல்லாம் பிழை. பக்கத்தில் ரிலே தட்டியபோது 1-கள் கூட்டமாக வந்தன. நீளமான கூட்டம் 80 பிட். நடுவில் தப்பிய பிட்டுகளும் இந்த எண்ணிக்கையில் சேர்த்தி.

ஹாமிங் (7,4), அதாவது 4 தரவு பிட்டை 7 பிட் கோட்சொல்லாக அனுப்பும் கோடு, கோட்சொல்லுக்கு ஒரு பிட்தான் திருத்தும். 80 பிட்டைத் தாங்க 80 கோட்சொற்களை இன்டர்லீவ் செய்ய (பிட்டுகளை மாற்றி மாற்றிக் கலந்து அனுப்ப) வேண்டும்: 40 பைட் தரவுக்கு 70 பைட். மாட்யூல் பாக்கெட்டை வைத்திருக்கும் நினைவகமான ஃபிஃபோவின் கொள்ளளவோ 66 பைட்.

பிட் பிட்டாக இல்லாமல் பைட் பைட்டாகத் திருத்தும் ரீட்-சாலமன் கோடில் அதே 80 பிட், பைட் எல்லையில் உட்கார்ந்தால் 10 பைட், தள்ளி விழுந்தால் 11. ஒரு பைட்டைத் திருத்த 2 பாரிட்டி (கூடுதல்) பைட் என்பதால் 22 போதும், 24 வைத்தாயிற்று. 40 + 24 = 64. எங்கே விழுந்தாலும் 89 பிட் வரை தாங்கும். மொத்தம் 255, தரவு 231 பைட் கொண்ட (255,231) கோடைச் சுருக்கியது இது; விடுபட்ட 191 பூஜ்யங்களும் முன்பக்கம் என்று இரு முனையும் ஒத்துப்போகாவிட்டால் எதுவும் டிகோட் ஆகாது.

கோட்சொல்லுக்கு ஒரு பைட் திருத்தும் சின்ன (5,3) ரீட்-சாலமன் கோடுகளை 12 ஆழத்தில் (12 கோட்சொற்களை) பைட் பைட்டாகக் கலந்தாலும் 12 பைட் பர்ஸ்ட் வரை திருத்தும், கணக்கும் லேசு. அதைக் கெடுத்தது விசிறி ரெகுலேட்டரின் மின் இரைச்சல். 50 ஹெர்ட்ஸில் அரைச் சுற்றுக்கு ஒரு அடி, அதாவது 10 மில்லிநொடிக்கு ஒன்று. 9600-இல் அது சரியாக 12 பைட். ஐந்து அடியும் ஒரே கோட்சொல்லில் போய் விழுந்தன. ஆழத்தை 13 ஆக்கினால் பிரிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு அடியும் இரண்டு பைட்டைத் தொட்டால் மறுபடி மோதும். ஒற்றை ரீட்-சாலமனில் 6 அடி, ஆளுக்கு 2 பைட் என்றாலும் 12தான், மயிரிழையில் தப்பும்.

மாட்யூல் செட்டிங்கில்தான் பாதி நேரம் போகும். ஹார்ட்வேர் சிஆர்சி (பிழை இருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) தப்பானால் மாட்யூல் ஃபிஃபோவைத் தானே அழித்துவிடும். திருத்த வேண்டிய பாக்கெட்டே கைக்கு வராது. அதை அணைத்து, சிஆர்சியை அந்த 40 பைட்டுக்குள் வைக்கவும். பாக்கெட் நீளத்தைச் சொல்லும் பைட்டுக்குக் கோடின் பாதுகாப்பில்லை, ஆகவே நிலையான நீளம். ஏஇஎஸ் மறையாக்கம் வேண்டுமானால் கோடு போடும் முன்பே மென்பொருளில்.

பாக்கெட் தொடங்குவதைக் காட்டும் சிங்க் சொல்லில் அடி விழுந்தால் ரீட்-சாலமனுக்கு வேலையே வராது. 4 பைட் சிங்க், 2 அல்லது 3 பிட் பிழை அனுமதி. 7 வரை ஏற்றலாம்தான். ஏற்ற ஏற்ற வெறும் இரைச்சலையும் பாக்கெட் என்று பிடித்துக்கொள்ளும்.