பிளேட்லெட் குறைந்தால் முதலில் ஸ்லைடைப் பாருங்கள்

சேலத்தில் மழை பிடித்து டெங்குக் காய்ச்சல் சீசன் ஆரம்பித்துவிட்டால் லேப் வாசலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “பிளேட்லெட் எவ்வளவு சார்?” ரத்தம் உறைய உதவும் குட்டி அணுக்கள்தான் பிளேட்லெட். எண் ஒரு லட்சத்துக்குக் கீழே வந்ததும் பப்பாளி இலைக்கு ஆள் ஓடும். ஊசி குத்திய நேரத்தில் ரத்தத்தில் தனித்தனியாக மிதந்த பிளேட்லெட் எத்தனை என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்லும். மீதி எங்கே போயின என்று சொல்லாது. அதில் ஒரு பங்கு வெள்ளையணுக்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ரத்தக் குழாயின் உட்சுவரில் எண்டோதீலியல் செல்கள் ஒரே அடுக்காக இருக்கின்றன. அவை நலமாக இருக்கும்வரை நைட்ரிக் ஆக்சைடையும் புரோஸ்டாசைக்ளினையும் சுரந்து பிளேட்லெட்டை அண்டவிடாது. சுவர் கிழிந்தால் அடியிலிருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் வெளியே வரும், அதன்மேல் வான் வில்லிபிராண்ட் காரணி என்ற ரத்தப் புரதம் படியும், அதைப் பிளேட்லெட் பற்றிக்கொள்ளும். பாடப் புத்தகம் இங்கிருந்து நேராக ரத்த உறைவுக்குப் போய்விடுகிறது. ஆனால் அதே நேரத்தில் பிளேட்லெட்டுக்குள் இருக்கும் ஆல்ஃபா துகள்கள் அதன் மேல்சவ்வோடு இணைந்து, அவற்றில் இருந்த பி-செலக்டின் என்ற புரதம் மேற்பரப்புக்கு வருகிறது. நியூட்ரோபில், மோனோசைட் என்ற இரண்டு வெள்ளையணு வகைகளிலும் அதற்கு ஜோடியான பி.எஸ்.ஜி.எல்-1 என்ற புரதம் இருக்கிறது. ஓடும் ரத்தத்தில் போய்க்கொண்டிருந்த வெள்ளையணு இதில் மாட்டி, வேகம் குறைந்து உருளத் தொடங்கும். பிறகு அதன் மேக்-1 புரதம் விழித்துக்கொள்ளும், பிடி இறுகும்.

சுவர் கிழியாமலும் இது நடக்கும். அழற்சி (வீக்கம்) வரும்போது எண்டோதீலியல் செல்களே தாங்கள் சேர்த்து வைத்திருக்கும் பி-செலக்டினை வெளியே காட்டும். பிளேட்லெட் ஒட்டிய மோனோசைட், உறைவைத் தொடக்கிவைக்கும் திசுக் காரணியை உருவாக்கும், அது ரத்தத்தை உறைய வைக்கும் நொதியான திராம்பினைக் கிளப்பும், திராம்பின் இன்னும் பல பிளேட்லெட்டுகளை எழுப்பும். நியூட்ரோபில் இன்னொரு படி போய், தன் டி.என்.ஏ.வையே வலையாக வெளியே வீசும். 2004-ல்தான் இந்த வலை கண்டறியப்பட்டது. விழித்த பிளேட்லெட் அதைத் தூண்டும் என்பது 2007-ல் தெரிந்தது. கிருமி பரவாமல் பிடித்து வைக்க வலை நல்லது. அளவு மீறினால் அதிலுள்ள ஹிஸ்டோன் (டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதம்) எண்டோதீலியத்தைப் புண்ணாக்கி, மேலும் பிளேட்லெட்டை இழுத்து, நுண்குழாயை அடைத்துவிடும்.

டெங்குவில் எலும்பு மஜ்ஜை மந்தமாவதோடு இந்த ஒட்டலும் நடக்கிறது. ஆனால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தாவது பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, குழாயைவிட்டுக் கசிவதுதான். அதனால் காய்ச்சல் இறங்கும் நேரத்தில் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா என்று பார்ப்பது, பிளேட்லெட்டை மணிக்கொரு தரம் எண்ணுவதைவிட முக்கியம். 20,000-க்குக் கீழே போயும் ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை என்று சிங்கப்பூர், மலேசியாவில் நடந்த ஆய்வு 2017-ல் காட்டியது.

இனி ரத்தம் பிடிக்கும் டியூபுக்கு வருவோம். ஊதா மூடி டியூபில், ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்த்திருக்கும் ஈ.டி.டி.ஏ. சிலருடைய பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். உடம்பில் எந்தக் கோளாறும் இருக்காது, ரிப்போர்ட்டில் மட்டும் 40,000 என்று வரும். அரிதாகச் சிலரிடம், நியூட்ரோபிலைச் சுற்றிப் பிளேட்லெட்டுகள் மாலை கோத்ததுபோல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பார்க்க மேலே சொன்ன ஒட்டல் போலவே இருந்தாலும் இது டியூபுக்குள் உண்டானது. பெரிய கட்டிகளை மெஷின் வெள்ளையணு என்றே எண்ணிவிடும். பிளேட்லெட் குறைவு, வெள்ளையணு கூடுதல், ஆனால் நோயாளி தெம்பாக இருக்கிறார் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஸ்லைடில் மெல்லிதாக இழுத்து லீஷ்மன் சாயம் போட்ட ரத்தப் படலத்தில், அதாவது ஸ்மியரில், டெயில் பக்கத்தை (இழுத்து முடியும் ஓரத்தை) முதலில் பாருங்கள். கட்டிகள் அங்கேதான் ஒதுங்கும். பிறகு சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத இடத்தில் 100 எக்ஸ் ஆயில் லென்ஸில் பத்து ஃபீல்டு எண்ணி, சராசரியை 15,000-ஆல் பெருக்குங்கள். ஃபீல்டுக்குப் பத்துப் பிளேட்லெட் என்றால் சுமார் ஒன்றரை லட்சம். கட்டி இருந்தால் இந்தக் கணக்கும் குறைத்தே காட்டும். அப்போது நீல மூடி சிட்ரேட் டியூபில் கோடு வரை புது ரத்தம் எடுத்து, வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்குங்கள். டியூபில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் இருப்பதால் இந்தத் திருத்தம்.

ஏற்காட்டிலும் நாகலூரிலும் ரத்தம் எடுத்து, இருபது கொண்டை ஊசி வளைவு இறக்கி சேலத்துக்கு அனுப்புகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். டியூபை ஐஸில் வைக்காதீர்கள். குளிரில் பிளேட்லெட் தட்டு வடிவம் இழந்து முள் விட்டு விழித்துக்கொள்ளும். அறை வெப்பத்திலேயே, நிமிர்த்தி, ஆடாமல் அனுப்புங்கள். டூர்னிக்கெட்டை (கையில் இறுக்கும் பட்டையை) ஒரு நிமிடத்துக்குமேல் கட்டி வைக்க வேண்டாம். நரம்பைத் தேடி ஊசியை உள்ளே கிளறினால் திசுச்சாறு கலந்து அங்கேயே உறைய ஆரம்பிக்கும். அந்த ரத்தத்தை அனுப்பாமல் வேறு கையில் எடுங்கள். டியூப் நிரம்பியதும் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம். முக்கியமாக, மலையிலேயே விரல் நுனியில் குத்தி, ஈ.டி.டி.ஏ. படாத ரத்தத்தில் இரண்டு ஸ்மியர் இழுத்து, காயவைத்து, மெத்தனாலில் நிலைப்படுத்தி டியூபோடு சேர்த்து அனுப்புங்கள். விரல் ரத்தத்தில் கொஞ்சம் கட்டி பிடிப்பது வழக்கம்தான். ஆனால் டியூபில் மட்டுமே கட்டி, நேரடி ஸ்மியரில் பிளேட்லெட் தாராளமாக இருக்கிறது என்றால் விஷயம் தெளிவு.

கட்டி தெரிந்த சாம்பிளுக்கு மெஷின் கொடுத்த எண்ணை ரிப்போர்ட்டில் ஏற்றாதீர்கள். “கட்டிகள் உள்ளன, ஸ்லைடில் போதுமான அளவு, சிட்ரேட்டில் மறுபடி பார்க்கவும்” என்று எழுதி, டாக்டருக்கு ஒரு போனும் போட்டுவிடுங்கள்.