செங்குத்துச் சரிவில் இழுபடும் டெக்ஸ்சர்: ஒரு பினாங்கு மலைமனையில் சரிசெய்த விதம்

பாயா தெருபோங் பக்கம் மலைச்சரிவில் ஒரு வீட்டு மனை, எங்கள் அலுவலகத்துக்கு வந்த வேலை. சர்வேயர் கொடுத்த சமஉயரக் கோடுகளை ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஏற்றி, அதன் சாண்ட்பாக்ஸ் கருவிகளில் உள்ள ‘ஃப்ரம் கண்டூர்ஸ்’ மூலம் நிலப்பரப்பாக்கி, புல், செம்மண் டெக்ஸ்சர்களை, அதாவது பரப்பின் மேல் ஒட்டும் படங்களை, பூசினேன். மேட்டின் மேல்பகுதி நன்றாகவே வந்தது. சாலையை ஒட்டிய வெட்டுச்சரிவில் மட்டும் புல் கோடு கோடாகக் கீழே இழுபட்டு நின்றது. எங்களோடு வேலை செய்யும் பொறியாளர் அக்கா திரையைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது எத்தனை டிகிரி சரிவுன்னு படத்தைப் பார்த்தா ஒண்ணும் புரியலையே” என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பினாங்கில் 76 மீட்டருக்கு மேல் உள்ள நிலமும் 25 டிகிரிக்கு மேல் சரிந்த நிலமும் மலைநிலக் கட்டுப்பாட்டுக்குள் வரும். 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்கா கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலையோரத் திட்டம் என்றாலே அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது சரிவைப் பற்றித்தான். புல்லின் அளவையும் கல்லின் அளவையும் வைத்துத்தான் கண் சரிவை எடை போடுகிறது. அவை இழுபட்டுக் கிடந்தால் 60 டிகிரிச் சரிவுகூட வழவழப்பான மேடு மாதிரி தெரியும். அப்படி ஒரு படத்தை வெளியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

காரணம் எளிது. நான் பூசியது ‘புரொஜெக்டட்’ முறையில், அதில் டெக்ஸ்சர் மேலிருந்து நேராகக் கீழே விழுகிறது. காற்றில்லாத மழை தரையை நனைக்கிற அளவுக்குச் சுவரை நனைக்காதே, அதேதான் இங்கும். சமதளத்தில் ஒரு மீட்டருக்குரிய படம், சரிவில் ஒரு மீட்டரைவிட நீளமான பரப்பை மூட வேண்டியிருக்கிறது. 1ஐச் சரிவுக் கோணத்தின் கோசைனால் வகுத்தால் எத்தனை மடங்கு நீள்கிறது என்று வந்துவிடும். 25 டிகிரியில் 1.10 மடங்கு, கண்ணுக்கே தெரியாது. 45 டிகிரியில் 1.41. 60 டிகிரியில் சரியாக இரண்டு. 70 டிகிரியில் கிட்டத்தட்ட 2.9. செங்குத்துச் சுவர் என்றால் ஒரே வரிசைப் புள்ளிகள் மேலிருந்து அடிவரை கோடாக ஓடும்.

சரி, புரொஜெக்டட்டை எடுத்துவிட்டால்? அது இன்னும் மோசம். நிலப்பரப்பு முழுக்க முக்கோணங்கள். ஒவ்வொரு முக்கோணமும் தன் இஷ்டத்துக்கு ஒரு திசையில் டெக்ஸ்சரைப் பிடித்துக்கொள்ளும். இழுபடாது, ஆனால் ஒட்டுப்போட்ட துணியாகிவிடும். ஆகவே புரொஜெக்டட் முறை இருக்கட்டும், படம் விழும் திசையைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன்.

புல்லைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனைப் படம் போட்டேன்: ஒரு மீட்டர் அளவுள்ள கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். இதை யாருக்கும் சிபாரிசு செய்வேன். புல்லில் தெரியாத கோளாறு கட்டத்தில் உடனே தெரியும். மேட்டில் சதுரம் சதுரமாக இருந்த கட்டங்கள் வெட்டுச்சரிவின் விளிம்பைத் தாண்டியதும் செவ்வகமாக நீண்டன. வடிகாலுக்கு மேலே இருந்த பகுதியில் ஒரு கட்டம் அகலத்தைப்போல் இரண்டரை மடங்கு உயரமாக நின்றது. எங்கே வேலை இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அப்புறம் சரிவான முக்கோணங்களைப் பிரித்தெடுக்க வேண்டும். கையால் ஒவ்வொன்றாகத் தொடுவது நடக்காத காரியம். ஸ்கெட்ச்அப்பின் ரூபி கன்சோலில் ஒரு சின்ன நிரல் போதும்: முகத்தின் (ஒவ்வொரு முக்கோணப் பரப்பின்) நார்மலில், அதாவது அதற்குச் செங்குத்தான திசையில், மேல்நோக்கிய இசட் மதிப்பு 0.866க்குக் குறைவாக இருந்தால் தேர்ந்தெடு. அது 30 டிகிரியின் கோசைன். 30 டிகிரிக்குக் குறைந்த சரிவில் மேலிருந்து விழும் படம் 16 சதவீதத்துக்கு மேல் நீளாது, விட்டுவிடலாம். தேர்ந்தெடுத்த முகங்களை வெட்டி, அதே இடத்தில் ஒட்டி, தனிக் குழுவாக்கினேன். இதே நிரலில் எண்ணை 0.906 என்று மாற்றினால் 25 டிகிரிக்கு மேற்பட்ட நிலம் முழுவதும் தேர்வாகும். அக்காவுக்கு அந்தப் பகுதியை மட்டும் வண்ணமிட்டு ஒரு தாள் எடுத்துக் கொடுத்தேன், அவருக்கு அது பெரிய உபகாரமாக இருந்தது.

இனி முக்கியமான வேலை. குழுவைத் திறந்து, உள்ளே சரிவுக்கு முன்னால் ஒரு செவ்வகத் தளம் வரைந்து, சரிவின் சராசரிக் கோணத்துக்கு அதையும் சாய்த்தேன். எங்கள் மனையில் அது 50 டிகிரி. பலர் இந்த இடத்தில் தளத்தை நேராக நிறுத்துவார்கள். சாய்த்து வைப்பதே நல்லது. 50 டிகிரியில் சாய்ந்த தளத்திலிருந்து படம் விழுந்தால், 30 முதல் 70 டிகிரி வரையுள்ள முகங்கள் எல்லாம் அதிலிருந்து 20 டிகிரிக்குள்தான் விலகியிருக்கும். நீட்சி 7 சதவீதத்தைத் தாண்டாது. தளத்தில் டெக்ஸ்சரைப் பூசி, அளவைச் சரிபார்த்து, வலது கிளிக்கில் புரொஜெக்டட்டைத் தேர்ந்தெடுத்தேன். பிறகு பெயின்ட் பக்கெட்டோடு ஆல்ட் விசையை அழுத்தி அந்தப் படத்தை உறிஞ்சிச் சரிவின் மேல் ஊற்ற வேண்டும். குழுவுக்கு வெளியே நின்று பூசினால் இது பலிக்காது, உள்ளே போய் முகத்தின் மேலேயே பூச வேண்டும்.

ஒரு தளம் போதவில்லை. மனையின் மூலையில் மலை சாலையோடு சேர்ந்து வளைகிறது, கிழக்கு பார்த்த சரிவு மெல்லத் தெற்கு நோக்கித் திரும்புகிறது. கோணம் அதேதான், திசைதான் வேறு. வளைவின் கடைசியில் கட்டங்கள் மறுபடி, இம்முறை பக்கவாட்டில், நீள ஆரம்பித்தன. தெற்குப் பக்கத்துக்கு இன்னொரு சாய்ந்த தளம் வைத்த பிறகுதான் அடங்கியது. வெவ்வேறு திசையில் பூசிய படங்கள் சந்திக்கும் இடங்களில் தையல் தெரியும். அதை எங்கே விழ வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது. நான் ஒரு தையலைச் சரிவின் இடைப்படியில் ஓடும் வடிகாலோடு சேர்த்துவிட்டேன். மூலையில் இருந்ததை லாலாங் புல்லும் பெரணியும் நட்டு மூடினேன். பினாங்கு மலைகளில் வெட்டிய சரிவைக் கொஞ்ச நாளில் மூடுவதும் அவைதான். செம்மண் டெக்ஸ்சரின் நீர்வழிந்த தடங்கள் சரிவின் போக்கிலேயே இறங்குகின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குறுக்கே ஓடினால் மலையைப் பக்கத்தில் பார்த்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வான்படம் மட்டும் வேறு விவகாரம். அது மேலிருந்து எடுத்தது, செங்குத்தான முகத்தைப் பற்றி அதில் தகவலே கொஞ்சம்தான். எந்தத் திசையிலிருந்து பூசினாலும் இல்லாத விவரம் வராது. சாலையோரத்தில் நின்று சரிவை நேருக்கு நேர் படமெடுத்து, அந்தக் கருங்கல்லையும் மண்ணையும் டெக்ஸ்சராக்கிக்கொண்டேன்.

வி-ரே, பிளெண்டர் போன்ற மென்பொருளில் ரெண்டர் செய்கிறவர்களுக்கு, அதாவது இறுதிப் படத்தை உருவாக்குகிறவர்களுக்கு, இவ்வளவு பாடு வேண்டாம். வி-ரேயில் ட்ரைபிளேனர் இருக்கிறது: மூன்று அச்சுகளிலிருந்தும் படத்தைப் பாய்ச்சி, முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதற்கேற்பக் கலக்கும். பிளெண்டரில் இமேஜ் டெக்ஸ்சர் நோடில் ‘ஃபிளாட்’ என்பதை ‘பாக்ஸ்’ ஆக்கி, ஆப்ஜெக்ட் ஆயத்தொலைவு கொடுத்து, பிளெண்ட் மதிப்பை 0.2 அல்லது 0.3க்கு ஏற்றினால் தையல் கரைந்துவிடும். புல், மண், பாறை எல்லாவற்றுக்கும் அருமையாக வரும், வான்படத்துக்கு உதவாது. எங்கள் வாடிக்கையாளர் ஸ்கெட்ச்அப் கோப்பையே திறந்து சுற்றிப் பார்ப்பார் என்பதால் எனக்குச் சாய்தளமே பொருத்தமாக இருந்தது.

சர்வேயரிடமிருந்து திருத்திய கோடுகள் வந்தால் நிலப்பரப்பை மறுபடி எழுப்பத்தான் வேண்டும். சாய்ந்த தளங்கள் இரண்டையும் அழிக்காமல் தனி டேக்கில் (காட்டவும் மறைக்கவும் உதவும் அடுக்கு) போட்டு மறைத்து வைத்திருக்கிறேன். புது நிலப்பரப்பு வந்ததும் டேக்கைத் திறந்து, நிரலை ஓட்டி, மறுபடி உறிஞ்சிப் பூசினால் போதும்.