இந்தப் பணம் எப்போது வேண்டும்?

சந்தை இப்போது எப்படி இருக்கிறது, எதில் போட்டால் நல்லது? நான் நிதி ஆலோசகர் என்று தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். இந்தப் பணம் உங்களுக்கு எப்போது வேண்டும்? "இப்போதைக்கு வேண்டாம்", "சும்மாதான் கிடக்கிறது" என்றெல்லாம் சொன்னால் விட மாட்டேன். எந்த வருடம், எதற்கு, எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்பேன்.

முதல் சந்திப்பில் கம்ப்யூட்டரைத் திறப்பதில்லை. ஒரு வெள்ளைத் தாளில் மூன்று கட்டம் போடுகிறேன். இடது பக்கம் பணம் எங்கே இருக்கிறது, நடுவில் எந்த வருடம் தேவைப்படும், வலது பக்கம் எதற்கு. இடது பக்கம் மளமளவென்று நிரம்பிவிடும். வலது பக்கமும் அப்படித்தான். நடுக்கட்டத்துக்கு வரும்போது கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளையின் படிப்புக்கென்று வருடக்கணக்கில் சேர்த்திருப்பார்கள். முதல் கட்டணம் எந்த வருடம் கட்ட வேண்டும் என்பதை அப்போதுதான் விரல்விட்டு எண்ணுவார்கள். என் வேலையில் பாதி அந்த நடுக்கட்டத்தை நிரப்புவதுதான்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதைப் புரியவைக்க ஒரு சின்னக் கணக்கு போதும். கையில் 100 இருக்கிறது, முழுவதையும் பங்குகளில் போடுகிறோம். மூன்று வருடம். அதில் ஒரு வருடம் சந்தை 30 சதவீதம் விழுகிறது, மற்ற இரண்டு வருடங்களில் 20 சதவீதம் வீதம் ஏறுகிறது. பணத்தைத் தொடாமல் வைத்திருந்தால் சரிவு முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் கையில் இருப்பது 100.8. வெறும் பெருக்கல் கணக்கு, வரிசை மாறினால் விடை மாறாது.

இப்போது அதே 100-ஐ வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் வீட்டுச் செலவுக்கு 6 எடுக்கிறார். சரிவு முதல் வருடமே வந்தால் மூன்று வருட முடிவில் அவரிடம் மிஞ்சுவது 78.9. அதே சரிவு மூன்றாம் வருடம் வந்தால் 85.5. சந்தை ஒன்று, சராசரி ஒன்று, செலவும் ஒன்று. ஆனால் ஒரு வருடச் செலவுக்கு மேலேயே வித்தியாசம் வந்துவிட்டது. விலை இறங்கிக் கிடந்தபோது செலவுக்காக விற்ற பங்குகள், விலை ஏறும்போது அவர் கையில் இல்லை. அவ்வளவுதான் காரணம். மூன்று வருடத்துக்கே இப்படி என்றால், முப்பது வருட ஓய்வுக் காலத்தின் தொடக்கத்தில் இரண்டு மூன்று மோசமான வருடங்கள் அடுத்தடுத்து வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதையே வேலைக்குச் சேர்ந்து சேமிக்கத் தொடங்கும் இளைஞர் பக்கம் திருப்புவோம். வருடத் தொடக்கத்தில் 10 வீதம் மூன்று முறை போடுகிறார். சரிவு முதல் வருடம் வந்தால் அவரிடம் சேர்ந்திருப்பது 36.5. கடைசி வருடம் வந்தால் 25.5. ஓய்வு பெற்றவரை அடித்த அதே வரிசை இவருக்கு வரமாக அமைகிறது. சந்தை 30 சதவீதம் விழுந்தது என்ற செய்தி நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. யாருடைய பணம், எந்த வருடத்துக்கானது என்று தெரிந்தால் சொல்லிவிடுவேன்.

"நீண்ட காலம் வைத்திருந்தால் பங்குச் சந்தை கைவிடாது" என்பார்கள். நானும் சொல்கிறேன், நம்பித்தான் சொல்கிறேன். ஆனால் எவ்வளவு நீளம் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது பாதி உண்மைதான். பெரிய நிறுவனப் பங்குகளின் விலைப் போக்கைக் காட்டும் அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு 1929 செப்டம்பரில் 381-ல் இருந்து 1932 ஜூலையில் 41-க்கு இறங்கியது. பழைய உச்சத்தைத் திரும்பத் தொட்டது 1954 நவம்பரில். நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குத் தரும் லாபப் பங்கான டிவிடெண்டைக் கூட்டிப் பார்த்தால் அந்தக் காலம் நன்றாகவே குறையும், ஆனாலும் நீண்டதுதான். ஜப்பானின் நிக்கி குறியீடு 1989 கடைசியில் 38,915-ல் நின்றது. அதைத் தாண்டியது 2024 பிப்ரவரியில். நாற்பது வயதில் அந்த உச்சத்தில் பணம் போட்டவர் எழுபதைக் கடந்திருப்பார். 2000 மார்ச்சில் உச்சத்தில் இருந்த அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு இரண்டரை வருடத்தில் முக்கால் பங்குக்கும் மேல் இழந்தது, மீண்டு வர 2015 ஆனது. இன்னொரு பக்கம், 2020-ல் ஒரே மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு விழுந்த இன்னொரு அமெரிக்கக் குறியீடான எஸ் அண்ட் பி 500, அந்த ஆகஸ்டிலேயே பழைய இடத்தைப் பிடித்துவிட்டது. ஐந்து மாதமா முப்பத்து நான்கு வருடமா என்பதை முன்கூட்டிச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. சொல்கிறேன் என்று ஒருவர் வந்தால் தயவுசெய்து அவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஓய்வுக் காலத்தில் வருடத்துக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு வில்லியம் பெங்கனின் 4 சதவீதக் கணக்கைச் சொல்வது வழக்கம். அவரும் நிதி ஆலோசகர்தான். 1994-ல் அமெரிக்காவின் பழைய சந்தை விவரங்களை வைத்து, முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, அதன் பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டே போனால் முப்பது வருடம் தாங்குமா என்று பார்த்தார். தாங்கியது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 4 என்ற எண்ணைவிட, அவ்வளவு குறைவாக எடுக்க வேண்டி வந்ததற்கான காரணம். அந்தக் காலகட்டத்தின் சராசரி வருமானம் 4 சதவீதத்தைவிட மிக அதிகம். ஆனால் 1960-களின் பிற்பகுதியில் ஓய்வு பெற்றவர்களைத் தொடக்கத்திலேயே சோர்ந்த சந்தையும், கூடவே 1970-களின் கடும் பணவீக்கமும் பிடித்துக்கொண்டன. அவர்களும் தப்பிப் பிழைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு குறைந்த எண். அதுவும் ஒரே நாட்டின் வரலாறு. எல்லா நாட்டுக்கும் பொருந்தும் சட்டமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

2020 மார்ச்சில் வந்த இரண்டு தொலைபேசி அழைப்புகளை இங்கே சொல்ல வேண்டும். ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. "தம்பி, எல்லாத்தையும் வித்துடலாமா?" என்றார். குரலில் நடுக்கம். "அம்மா, நாம எழுதின தாளை எடுங்க, நடுக்கட்டத்தைப் பாருங்க" என்றேன். அடுத்த நான்கு வருடச் செலவு டெபாசிட்டிலும் குறுகிய காலக் கடன் பத்திரங்களிலும் இருந்தது. விழுந்துகொண்டிருந்தது ஐந்தாம் வருடத்துக்குப் பிறகான பணம். அவர் ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தார். கடைசியில், "அப்போ இந்த வருஷச் செலவுக்குக் குறை இல்ல" என்று அவரே சொன்னார். எதையும் விற்கவில்லை.

இன்னொருவர் அந்த மாதம்தான் என்னிடம் முதன்முறையாக வந்தார். மகளின் கல்லூரிக் கட்டணம் முழுவதும் பங்குகளில் இருந்தது, மூன்று மாதத்தில் கட்டியாக வேண்டும். அவரை விற்கச் சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல, கட்டணத்துக்கு வேண்டிய அளவை மட்டும், நஷ்டத்தோடு. "சரிவில் விற்கக் கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்களே சார்" என்றார். அந்த அறிவுரை காத்திருக்க முடிந்தவர்களுக்கு. சந்தை இன்னும் விழுந்திருந்தால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றிருக்கும். பிறகு சந்தை வேகமாக ஏறியது, அவருக்கு வருத்தம்தான். இருந்தாலும் இன்றைக்கும் அதே நிலையில் ஒருவர் வந்தால் அதையேதான் சொல்வேன். அன்று தெரிந்ததை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். பின்னால் ஏறியது என்பதற்காக அந்த முடிவைத் தவறு என்று சொன்னால், நாளைக்கு இன்னொருவரைச் சூதாடச் சொல்வதாக ஆகிவிடும்.

கடன் பத்திரங்களுக்கும் இந்தத் தேதிக் கணக்கு உண்டு. பத்திரம் என்றாலே பாதுகாப்பு என்று நினைத்திருந்தவர்களுக்கு 2022 பெரிய அதிர்ச்சி. வட்டி விகிதம் வேகமாக ஏறியதும், குறைந்த வட்டியில் வாங்கிய நீண்ட காலப் பத்திரங்களின் விலை பங்குகளோடு சேர்ந்து விழுந்தது. தனக்குப் பணம் தேவைப்படும் வருடத்திலேயே முதிர்கிற அரசுப் பத்திரத்தை வாங்கி வைத்தவருக்கு இடையில் விலை என்ன ஆனால் என்ன, முதிர்வுத் தொகை சொன்ன நாளில் வந்துவிடும். அப்புறம், முதலீட்டுக்கான கட்டணம். ஆலோசகர்கள் இதைப் பற்றி வாய் திறக்கத் தயங்குவார்கள். 100-ஐ 7 சதவீதத்தில் முப்பது வருடம் விட்டால் 761 ஆகும். வருடத்துக்கு 1 சதவீதம் கட்டணமாகப் போய் 6 சதவீதம் கிடைத்தால் 574. ஏறக்குறைய கால் பங்கு காணாமல் போகிறது. என்னிடம் வருபவர்களுக்கு என் கட்டணத்தையும் இப்படியே முப்பது வருடத்துக்குப் பெருக்கிக் காட்டுகிறேன். அதற்கு ஈடாக என்ன செய்கிறேன் என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

அந்த நடுக்கட்டத்தில் யாராலும் நிரப்ப முடியாத வரி ஒன்று உண்டு. எத்தனை வயது வரை இருப்போம் என்பது. எண்பது என்று வைத்துக்கொண்டு திட்டம் போட்டால் தொண்ணூற்று மூன்று வரை இருப்பவர் கடைசிப் பதின்மூன்று வருடம் யாரையாவது எதிர்பார்த்து நிற்க வேண்டும். அதனால் அடிப்படைச் செலவின் ஒரு பகுதிக்காவது, உயிரோடு இருக்கும்வரை நிற்காமல் வரும் வருமானத்தை ஏற்பாடு செய்யச் சொல்கிறேன். அரசு ஓய்வூதியம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒரு தொகையைக் கொடுத்து வாங்கும் ஆயுள்கால வருமானமான ஆன்யுட்டி. அதில் வருமானம் குறைவு என்று பலர் முகம் சுளிப்பார்கள். உண்மைதான். ஆனால் ஆயுள் நீண்டுபோவதற்கான காப்பீடு அது. அதைப் பங்குச் சந்தையோடு ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

தம்பதியாக இருந்தால் இரண்டு பேரில் யார் அதிக காலம் இருப்பார்களோ அவருக்குத்தான் திட்டம் போட வேண்டும். பெரும்பாலும் அது மனைவி. ஆனால் என் மேசைக்கு எதிரில் பேச வருவது பெரும்பாலும் கணவர் மட்டும்தான். கணவர் போன பிறகு எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல், பை நிறைய காகிதங்களோடு வந்து உட்கார்ந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். பணம் இருக்கும், எதை முதலில் எடுப்பது என்று தெரியாது. அதனால் இப்போதெல்லாம் அந்தத் தாளைக் கணவர் கையில் தனியாகக் கொடுத்தனுப்புவதில்லை. நடுக்கட்டத்தை இருவரும் உட்கார்ந்துதான் நிரப்ப வேண்டும், அடியில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் இருவருக்கும் தோதான வேறொரு நாளைக் குறித்துக் கொடுத்துவிடுகிறேன்.