பொம்மை கார், வரைபடத்தாள், ஒரு மைனஸ் 12

இரண்டு வண்டிகள் எங்கே சந்திக்கும் என்ற கணக்கைப் போடாதவர்கள் இருக்க மாட்டார்கள். விடை வந்ததும் கோடு கிழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். தாளில் வரும் விடை தரையிலும் அதே இடத்தில் விழுகிறதா என்று ஓடவிட்டுப் பார்க்க ஆசை. அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

சாமான் கொஞ்சம்தான். பேட்டரியில் ஓடும் இரண்டு பொம்மை கார்கள், தரையில் 250 செ.மீ. நீளத்துக்கு ஒட்டிய அளவு நாடா, விநாடிக்கு 30 பிரேம் எடுக்கும் போன் கேமரா. ஸ்டாப்வாட்ச் இதற்குச் சரிப்படாது. கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள்ளேயே கொஞ்ச நேரம் கழன்றுவிடும். வீடியோவை பிரேம் பிரேமாக நகர்த்தினால் முப்பதில் ஒரு விநாடி வரை நேரம் துல்லியமாகக் கிடைக்கிறது. போனை மட்டும் நாடாவுக்கு நேர் எதிரே, நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும். கிட்டே வைத்தால் இரண்டு ஓரங்களிலும் கார் பக்கத்து எண்ணுக்கு மேலே நிற்பதுபோலத் தெரியும்.

முதலில் வேகமான கார். முன் பம்பர் இருக்கும் இடத்தை விநாடிக்கு ஒரு தடவை குறித்தேன். கிட்டத்தட்ட முழு எண்ணாக எடுத்துக்கொண்டால் 28, 68, 108, 148 செ.மீ. வரைபடத்தாளில் நேரத்தைக் கிடையாகவும் தூரத்தை நெடுக்காகவும் வைத்துப் புள்ளிகளைக் குறித்து, ஸ்கேலை வைத்தால் நான்கும் ஒரே கோட்டில் உட்கார்ந்தன. சாய்வு 40. அதாவது வேகம் விநாடிக்கு 40 செ.மீ.

ஆனால் கோட்டைப் பின்னால் நீட்டினால் அது ஆதிப்புள்ளிக்குப் போகவில்லை. தூர அச்சை பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 12-ல் வெட்டுகிறது. சமன்பாடு இப்படி வருகிறது: தூரம் = 40 × நேரம் − 12. கார் கிளம்பியது பூஜ்யக் குறியிலிருந்துதான், மைனஸ் 12-ல் அது நின்றதே இல்லை. அப்படியானால் இந்த 12 எங்கிருந்து வந்தது?

கிளம்பும் இடத்தை பிரேம் பிரேமாகப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. கார் எடுத்த எடுப்பில் 40-ஐத் தொடுவதில்லை. வேகம் பிடிக்க ஏறக்குறைய 18 பிரேம், அதாவது 0.6 விநாடி ஆகிறது. முழு வேகத்திலேயே ஓடியிருந்தால் அந்த 0.6 விநாடியில் 24 செ.மீ. போயிருக்கும். பூஜ்யத்திலிருந்து சீராக வேகம் ஏறினால் அதில் பாதி, 12 செ.மீ.தான். மீதி 12 கடைசிவரை கடனாகவே நிற்கிறது. அதே கோடு நேர அச்சை 0.3 விநாடியில் வெட்டுவதும் இதைத்தான் வேறு விதமாகச் சொல்கிறது: 0.3 விநாடி தாமதமாக, ஆனால் முதல் கணத்திலிருந்தே முழு வேகத்தில் கிளம்பிய கார். பள்ளியில் வெட்டுத்துண்டு (கோடு அச்சை வெட்டும் இடம்) என்றால் வாய்பாட்டின் வாலில் ஒட்டியிருக்கும் ஓர் எண், அவ்வளவுதான். இங்கே காரின் கிளம்பும் குணமே அதில்தான் இருக்கிறது.

அப்புறம் துரத்தல். மெதுவான கார் விநாடிக்கு 25 செ.மீ. போகும், அதன் தாமதம் 0.2 விநாடி. அதை 60 செ.மீ. முன்னால் வைத்து, இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் ஒன்றாக விட்டேன். புத்தகக் கணக்குப்படி 40 × நேரம் = 60 + 25 × நேரம். 4 விநாடியில், 160 செ.மீ.யில் எட்டிப் பிடிக்க வேண்டும். தாமதங்களைச் சேர்த்தால் (மெதுவான காரின் கடன் 25 × 0.2 = 5 செ.மீ.) 40 × நேரம் − 12 = 55 + 25 × நேரம். விடை சுமார் 4.47 விநாடி, 167 செ.மீ. வீடியோவில் பம்பர்கள் சேர்ந்தது 168 பக்கத்தில். எனக்கு அது போதும்.

திருப்பித் திருப்பி ஓட்டியபோது இன்னொன்று கவனித்தேன். துரத்தலில் சந்திக்கும் இடம் ஒவ்வொரு தடவையும் அலைகிறது. எதிரெதிராக விட்டால் கிட்டத்தட்ட ஒரே இடத்திலேயே நிற்கிறது. காரணம் வரைபடத்தில் கண்ணுக்கே தெரியும். துரத்தலில் இரண்டு கோடுகளும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒட்டி ஒட்டியே போய் வெட்டுகின்றன. ஒரு கோடு துளி நகர்ந்தாலும் வெட்டுப்புள்ளி வழுக்கிக்கொண்டு தூரம் போய்விடும். எண்ணில் சொன்னால், வேக வித்தியாசம் 15-தான். தொடக்க இடைவெளி 1 செ.மீ. கூடினால் சந்திக்கும் இடம் 40/15, அதாவது சுமார் 2.7 செ.மீ. தள்ளிப்போகும். எதிரெதிராக வரும்போது வேகங்கள் கூடி 65 ஆகின்றன. அதே 1 செ.மீ. வெறும் 0.6 செ.மீ. மாற்றம்தான் தருகிறது. சமன்பாட்டை மட்டும் தீர்த்துக்கொண்டிருந்தால் இது தோன்றியிருக்காது. இரண்டு கணக்குக்கும் விடை ஒன்றுபோல நறுக்கென்று வந்து நிற்குமே!

பேட்டரி தளர்ந்தால் புள்ளிகள் கோட்டுக்குக் கீழே தொங்கத் தொடங்கும். அப்போது கோட்டோடு மல்லுக்கட்டாமல் பேட்டரியை மாற்றிவிடுவது உத்தமம்.

ஓட்டத்தைக் கோடாக வரைந்து சந்திப்பைப் பார்க்கும் இந்த யோசனை ரயில்வேக்காரர்களுக்குப் பழையது. பிரெஞ்சு அறிவியலாளர் எட்டியேன் ழூல் மாரே 1878-ல் வெளியிட்ட வரைபட முறை பற்றிய நூலில் பாரிஸ்–லியோன் ரயில்களின் அட்டவணையே ஒரு படமாக இருக்கிறது. நிலையங்கள் கிடைக்கோடுகள், அவற்றின் இடைவெளி தூரத்துக்கு ஏற்றபடி. ரயில்கள் சாய்கோடுகள். செங்குத்தாக ஏறினால் விரைவு ரயில், கிடையாகப் படுத்தால் நிலையத்தில் நிற்கிறது. இதே படத்தை ஒற்றைப் பாதைக்கு வரைந்தால் இன்னொரு விதியும் சேரும். எதிரெதிர் ரயில்களின் கோடுகள் வெட்டும் இடம் விலகி நிற்க வசதியுள்ள ஒரு நிலையத்தின் கோட்டில்தான் விழ வேண்டும்.

அதைத்தான் இப்போது தரையில் பார்க்கப் போகிறேன். 100 செ.மீ. குறிதான் நிலையம். மெதுவான கார் 250-லிருந்து எதிரே வருகிறது: தூரம் = 255 − 25 × நேரம். 100-ஐ அது தொட 6.2 விநாடி. வேகமான காருக்கு 2.8 போதும். ஆக வேகமானதை 3.4 விநாடி கழித்து விட வேண்டும். தாளில் இது ஸ்கேலை வலப்பக்கம் நகர்த்துகிற வேலை, அவ்வளவுதான். கையால் 3.4-ஐப் பிடிப்பது நடக்காது என்பதால், 0.2 விநாடிக்கு ஒரு தட்டு வீதம் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) வைத்து 17 தட்டு எண்ணி விடலாம் என்றிருக்கிறேன்.